துணி டயப்பர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்சர்ட்டைத் தொட்டுப் பாருங்கள்

துணி டயப்பர் விற்கும் இடத்தில் முதலில் கண்ணை இழுப்பது யானையும் நிலாவும் மாங்காயும் அச்சிட்ட கவர். விலையும் அதை வைத்தே ஏறுகிறது. ஆனால் குழந்தையின் அடிப்பக்கத்தை நனையாமல் வைத்திருப்பது உள்ளே செருகும் பட்டை. அதைத்தான் இன்சர்ட் என்கிறார்கள். கவர் ஈரத்தை வெளியே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான்; ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. ‘ஒழுகுது’ என்று அலுத்துப்போய் மூலையில் போட்டுவைத்த டயப்பரை எடுத்துப் பாருங்கள், பல நேரம் கவர் நன்றாகவே இருக்கும். இன்சர்ட் சரியில்லாமலோ, துவைத்த விதம் தப்பாகவோ இருக்கும்.

இங்கே பேசுவது பாக்கெட் வகையைப் பற்றி. வெளியே நீர் புகாத கவர், உட்புறம் தோலில் படும் மெத்தென்ற பாலியஸ்டர் துணி, இரண்டுக்கும் நடுவில் பை மாதிரி ஓர் இடைவெளி. இன்சர்ட்டை அந்தப் பைக்குள் நுழைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்த வகையும் கிடைக்கிறது. மாட்டுவதற்கு அது சுலபம். ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் அதன் நடுப்பகுதி காயவே காயாது. இன்சர்ட்டைத் தனியே உருவி உலர்த்த முடிகிறது என்பதற்காகவே பாக்கெட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கவரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பையை உள்ளே வெளியாகத் திருப்பினால், அச்சிட்ட துணியின் பின்பக்கம் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் தெரியும். பியுஎல் என்று அட்டையில் போட்டிருப்பது இதைத்தான்: பாலியஸ்டர் துணியின்மேல் ஒட்டிய பாலியூரிதேன். அது எங்கும் உப்பியோ உரிந்தோ இருக்கக் கூடாது. நடுப்பகுதியில் தையல் ஓடினால் வாங்காதீர்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஈரம் கசியும் வழி. தொடை எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்க வேண்டும். இடுப்புக்கு வெல்க்ரோவைவிட பிரஸ் பட்டன் நல்லது. வெல்க்ரோவில் நூலும் பஞ்சும் சிக்கி, சில மாதத்தில் பிடிமானம் போய்விடும்.

இன்சர்ட்டில் மைக்ரோஃபைபர், பருத்தி, மூங்கில் என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது. மைக்ரோஃபைபர் ஈரத்தை உடனே இழுக்கும், வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் காயும், விலையும் குறைவு. ஆனால் அது ஸ்பாஞ்ச் மாதிரி. குழந்தை உட்கார்ந்தாலோ, தொடையை இறுக்கி இடுப்பில் தூக்கி வைத்தாலோ, குடித்த ஈரத்தைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். பருத்தியும் மூங்கிலும் மெதுவாக இழுக்கும், ஆனால் இழுத்ததை விடாது. காய்வதற்குத்தான் ஒரு பகல் முழுக்க வேண்டும். அதனால் மேலே மைக்ரோஃபைபர் ஒன்று, அதற்கடியில் பருத்தியோ மூங்கிலோ ஒன்று என்று ஜோடியாக வைப்பதுதான் நன்றாக வேலை செய்யும் கூட்டு. மைக்ரோஃபைபரை நேரடியாகத் தோலில் படும்படி மட்டும் வைக்கக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் உறிஞ்சி வறட்சியாக்கிவிடும்.

எது நல்ல இன்சர்ட் என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலறைத் தராசில் உலர்ந்த இன்சர்ட்டை நிறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டு நின்றதும் மறுபடி நிறுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணீர். பிறகு அதைத் தட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, திரும்பவும் நிறுத்துப் பாருங்கள். அழுத்தியும் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ, அதுதான் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது உண்மையில் உதவும் அளவு. இந்தக் கடைசி எடையில்தான் மலிவு மைக்ரோஃபைபர் மாட்டிக்கொள்ளும்.

புது மூங்கில், பருத்தி இன்சர்ட்டை இந்தச் சோதனைக்கும் சரி, குழந்தைக்கும் சரி, அப்படியே பயன்படுத்தக் கூடாது. நாரில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். மேலே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் போல உருண்டு ஓடுவதைப் பார்க்கலாம். நாலைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகு அதே கரண்டித் தண்ணீர் விழுந்த இடத்திலேயே மறைந்துவிடும். இதற்காகவே பிரசவ தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுவது நல்லது. மைக்ரோஃபைபருக்கு ஒரு தடவை துவைத்தால் போதும்.

பிறந்த குழந்தை முதல் 17 கிலோ வரை ஒரே அளவு என்று அட்டையில் எழுதியிருந்தாலும், 3 கிலோ குழந்தையின் தொடை அந்த எலாஸ்டிக் வட்டத்துக்குள் தொளதொள என்றுதான் இருக்கும். ஏறக்குறைய 5 கிலோ ஆன பிறகே சரியாகப் பொருந்துகிறது. அதுவரை லங்கோடும் மல் துணியும்தான். முதல் சில வாரம் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். தொப்புள்கொடி விழும்வரை அதன்மேல் எதுவும் அழுத்தவும் கூடாது. அந்த நாட்களுக்குப் பழைய வேட்டியைக் கிழித்த முக்கோணத் துணியை மிஞ்ச எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்துவிடவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. பீரோவில் அந்துருண்டையோடு வைத்திருந்த வேட்டி, புடவை எதையும் குழந்தைக்கு எடுக்காதீர்கள். நாப்தலீன் உருண்டையின் வாசம் ஏறிய துணி, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பரிசோதிக்காமல் வெளியே தெரியாது.

மாட்டும் முறைக்கு வருவோம். கவரின் முன்பக்கம் மூன்று வரிசையாக இருக்கும் பட்டன்கள் உயரத்தைக் குறைக்க, கூட்ட. சின்னக் குழந்தைக்குக் கடைசி வரிசையில் மடித்துப் போடுங்கள். எலாஸ்டிக் தொடையின் சதைமேல் உட்காரக் கூடாது. ஜட்டியின் ஓரம் எங்கே இருக்குமோ அந்தத் தொடை இடுக்கில் உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். கழற்றும்போது காணும் லேசான சிவப்புக் கோடு சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. பள்ளமாகப் பதிந்திருந்தால் ஒரு பட்டன் தளர்த்துங்கள். ஆண் குழந்தைக்கு இன்சர்ட்டின் முனையை முன்பக்கம் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள். கடைசியாக ஓரம் முழுக்க ஒரு விரலை ஓட்டி, உள்துணி வெளியே துருத்தாமல் உள்ளே தள்ளுங்கள். அரை விரல் உள்துணி எட்டிப் பார்த்தாலும் அந்த வழியாகச் சட்டை முழுக்க நனைந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு ஒழுகல்கள் உண்டு. டயப்பரோடு வரும் குறிப்புத்தாளில் இவை இருக்காது. ஒன்று அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு டயப்பருக்குள் மாட்டிக்கொண்டால் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுத்து இடுப்பைச் சுற்றி நனைக்கும். மாட்டி முடித்ததும் கயிற்றை மேலே இழுத்து, கவரின் ஓரத்துக்கு வெளியே விடுங்கள். இன்னொன்று தூளி. தூளியில் குழந்தை வளைந்து படுக்கும்போது பாரம் முழுக்கப் பின்புறத்தில் இறங்குகிறது. ஈரமும் அங்கேதான் போய்ச் சேரும். தூளியில் போடும் முன் இரண்டாவது இன்சர்ட்டைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்தால் முதுகு நனையாது.

துவைப்பதில்தான் இந்தப் பொருளின் ஆயுள் இருக்கிறது. கழற்றியதும் இன்சர்ட்டை உருவி, இரண்டையும் குழாய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மூடாத கூடையில் போடுங்கள். மூடிய பக்கெட்டில் ஈரமாக ஊறவிட்டால் சிறுநீரில் உள்ள யூரியா அம்மோனியாவாக மாறி, மூடியைத் திறந்ததும் கண்ணை எரிக்கும், துணியையும் கெடுக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு கூழ், இட்லி என்று ஆரம்பித்ததும் கழிப்பறைக் கோப்பைக்கு மேலே பிடித்து ஹெல்த் ஃபாசெட்டால் அடித்துத் தள்ளுங்கள். நம் கழிப்பறைகளில் அது இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. முதல் அலசல் எப்போதும் பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீர் முதலில் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

தினமுமோ இரண்டு நாளுக்கு ஒருமுறையோ மெஷினில் போடலாம். 40 டிகிரி, டிரம் முக்கால் பாகம், கடைசியில் ஓர் அலசல் கூடுதலாக. ஃப்ரண்ட் லோடு மெஷின் தண்ணீரைக் குறைவாக எடுக்கும் என்பதால் அந்தக் கூடுதல் அலசலை விடாதீர்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். நாரின்மேல் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சுவதைத் தடுக்கும். கிருமிநாசினித் திரவமும் தேவையில்லை. அது மிச்சம் தங்கினால் தோலை உறுத்தும். கவரை அயர்ன் செய்யவோ கொதிநீரில் போடவோ கூடாது, படலம் உரிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இரண்டு மூன்று மாதத்தில் இன்சர்ட் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் இரண்டும் சோப்போடு சேர்ந்து நாரின்மேல் படிவதுதான் காரணம். பார் சோப்பு போட்டுத் தேய்த்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டிடர்ஜென்ட் பவுடர் எவ்வளவோ மேல். விறைத்த இன்சர்ட்டுகளை மட்டும் (கவரை இல்லை) கை பொறுக்கும் வெந்நீரில், வழக்கமான அளவு பவுடரும் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு மேஜைக்கரண்டி வாஷிங் சோடாவும் கரைத்து நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். சமையல் சோடா வேறு, வாஷிங் சோடா வேறு; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நுரை நிற்கும்வரை அலசுங்கள். நுரை நின்றதா என்பதில் சந்தேகம் இருந்தால், துவைத்த ஒரு இன்சர்ட்டை வெறும் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். பக்கெட்டின் ஓரத்தில் குமிழி கட்டினால் இன்னும் பவுடர் மிச்சமிருக்கிறது. குழந்தைக்கு அடியில் சிவந்துபோவதற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

எண்ணெய்க்கும் இந்த டயப்பருக்கும் ஆகவே ஆகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு போட்டால் உள்துணி எண்ணெய் குடித்து, அதன்பின் சிறுநீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடும். டயப்பர் க்ரீமும் அப்படித்தான். எண்ணெய்க் குளியல் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் லங்கோடு கட்டுங்கள். எண்ணெய் பட்டுவிட்டால், பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசினால் சரியாகிவிடும். சிவப்பு, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டயப்பரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் கறைக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை. துவைத்த பிறகும் கறை அப்படியே இருந்தால், ஈரத்தோடு மொட்டைமாடியில் கறை பட்ட பக்கம் சூரியனைப் பார்க்கும்படி உள்துணியை விரித்துப் போடுங்கள். மதியத்துக்குள் மஞ்சள் வெளுத்து, எங்கே கறை இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். வெளுத்ததும் எடுத்துவிடுங்கள். இன்சர்ட்டுகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெயிலில் விடலாம். கவர்களை மட்டும் உச்சி வெயிலில் நாள்முழுக்கப் போட்டால் எலாஸ்டிக் சோர்ந்துவிடும். நிழலிலேயே அவை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மூங்கில் இன்சர்ட் இரண்டு நாள் எடுக்கும். அந்த மாதங்களில் மைக்ரோஃபைபரைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, அறைக்குள் கொடி கட்டி ஃபேன் போட்டு உலர்த்துங்கள். சாம்பிராணிச் சட்டிக்கு மேலே கூடை கவிழ்த்து உலர்த்தும் பழக்கம் இதற்குச் சரிவராது. கனல் பட்டால் படலம் உருகும். அந்தப் புகையும் பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு நல்லதில்லை.

எத்தனை வாங்குவது? பகலில் மட்டும் பயன்படுத்தி, தினமும் துவைத்தால் 8 கவர், 16 இன்சர்ட் போதும். கடையில் ஒரு கவருக்கு ஓர் இன்சர்ட் என்றுதான் தருவார்கள். மிச்சத்தைத் தனியாக வாங்குங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே. இரவுக்கு ஒரு மைக்ரோஃபைபர், இரண்டு மூங்கில் வைத்தால் ஆறேழு மணி நேரம் தாங்கும் குழந்தைகளும் உண்டு, தாங்காத குழந்தைகளும் உண்டு. தாங்காவிட்டால் இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கடை டயப்பர் போடுவதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். தூக்கமில்லாத தாய்க்கு அது ஓர் உதவி.

ஒரு செட் 500 ரூபாய் என்று வைத்தால் 8 செட் 4,000 ரூபாய். கூடுதல் இன்சர்ட்டுக்கு 1,200 ரூபாய் வரை ஆகலாம். கடை டயப்பர் ஒன்று 10 ரூபாய் என்று, பகலில் ஐந்து மிச்சமானால் மாதம் 1,500 ரூபாய். பவுடர், மின்சாரம் கழித்தாலும் நாலு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் உப்புத் தண்ணீரும் வெயில் வராத ஃப்ளாட்டும் சேர்ந்த வீட்டில், துவைத்துப் போட இன்னொரு கையும் இல்லாவிட்டால், முதலில் இரண்டு செட் மட்டும் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எட்டையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம்.

அடுத்த குழந்தைக்கு எடுத்து வைப்பதானால் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். தொய்ந்திருந்தால், படலம் உரியாத கவருக்குத் தையற்கடையில் எலாஸ்டிக் மட்டும் மாற்றித் தருவார்கள். படலம் உரிந்த கவரை மீட்க வழியில்லை. பழைய மைக்ரோஃபைபர் இன்சர்ட்டுகள் ஜன்னல் கம்பி துடைக்கவும் ஃபேன் இறக்கை துடைக்கவும் பல மாதம் உழைக்கும்.