தானாகத் திரும்பாத இண்டிகேட்டர்: இந்த முறை ஊர்ப் பயணத்தில் ஒரு பழுது

திருப்பத்தில் வளைந்து ஸ்டியரிங் நேரான பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா பேச்சை நிறுத்தாமலே விரலால் லீவரைத் தட்டி அதை அணைத்தார். அடுத்த திருப்பத்திலும் அதே கதைதான். இருட்டிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. முகப்பு விளக்கு டிம்மில் எரியும்போது திடீரென்று அணைந்துபோகும். அதே லீவரை லேசாக ஆட்டினால் மறுபடி எரியும். கேட்டதற்கு, "ரெண்டு வருஷமா இப்படித்தான், பழகிப்போச்சு" என்றார் அப்பா. நான் பழகத் தயாராக இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர் இரவில் தனியாக ஓட்டும் வண்டியில், எதிரே லாரி வரும் நேரத்தில் விளக்கு அணைவது அற்பப் பழுதன்று.

மறுநாள் காலை போன பணிமனையில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. லீவரை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தவர், "காம்பினேஷன் சுவிட்ச் போயிடுச்சு சார், செட்டாத்தான் மாத்தணும், ஆர்டர் போட்டா வர மூணு வாரம் ஆகும்" என்றார். இண்டிகேட்டர், விளக்கு, வைப்பர் லீவர்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்புதான் அது. எனக்கு ஊரில் மிச்சமிருந்தது பன்னிரண்டு நாள். அது போகட்டும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு பையன் ஸ்டியரிங்கின் பின்பக்கத் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஏர்பேக்கை நெம்பத் தொடங்கியிருந்தான். சாவி ஆன் நிலையில் இருந்தது. பேட்டரி கழற்றப்படவில்லை. நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "ஒண்ணும் ஆகாது சார், தினமும் கழட்டுறதுதான்" என்றான் அந்தப் பையன்.

ஏர்பேக்கை வெடிக்கச் செய்வது ஒரு சிறு மின்னோட்டம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதனால்தான் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். டொயோட்டா கையேடுகளில் 90 விநாடி, ஹோண்டா கையேடுகளில் 3 நிமிடம் என்று படித்திருக்கிறேன். நான் வசிக்கும் நாட்டில் இதை நான் கேட்க வேண்டியதே இல்லை. அங்கே முறை என்று ஒன்று இருக்கிறது, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்திலும் அது நடக்கும். இங்கே அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. அவன் முகம் ஏர்பேக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அப்பாவுக்குப் பல வருடங்களாகத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் முதலில் சொன்ன வார்த்தையே, "தம்பி, இதுக்கு ஸ்டியரிங் வீலைக் கழட்டவே வேண்டாம்" என்பதுதான். இந்த வண்டியில் இண்டிகேட்டர் லீவரும் வைப்பர் லீவரும் தனித்தனித் துண்டுகள். ஸ்டியரிங் கம்பத்தின் மேல் கவரையும் கீழ்க் கவரையும் எடுத்துவிட்டால் இரண்டு ஸ்க்ரூவில் ஒரு லீவர் பக்கவாட்டில் உருவி வந்துவிடும். ஏர்பேக்கைத் தொட வேண்டியதில்லை. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங்கையும் தொட வேண்டியதில்லை. சுருட்டி வைத்த நாடா போன்ற அந்தக் கேபிள் நடு நிலை தவறிப் பொருத்தப்பட்டால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அறுந்துவிடும். எல்லா வண்டியும் இப்படி வசதியாக இருக்காது என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் அவர் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கையை வைத்தார், நான் கேட்காமலேயே.

புதிய பாகத்துக்குக் காத்திருக்க நேரமில்லாததால் பிரித்துப்போட்ட பழைய வண்டியின் பாகம் ஒன்றைத் தேடினோம். முதலில் கிடைத்தது அதே மாடல், அதே வடிவம், அதே கறுப்பு. நான் சரி என்று சொல்லியே விட்டேன். மெக்கானிக் அண்ணன் அதைத் திருப்பிப் பிடித்து, ஒயர்களைச் சேர்க்கும் கப்ளர் உட்காரும் இடத்தைக் காட்டினார்; எங்கள் லீவரில் இருந்த இரண்டு பின்கள் அதில் இல்லை. ஃபாக் லாம்ப், அதாவது மூடுபனி விளக்கு, இல்லாத வண்டியிலிருந்து எடுத்தது அது. அடுத்ததில் பின்கள் சரியாக இருந்தன, ஆனால் பச்சை பூத்திருந்தன. "தண்ணியில முங்கின வண்டி" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். மூன்றாவதைத்தான் மல்டிமீட்டரில் சோதித்தார். ஒவ்வொரு நிலையிலும் லீவரை நிறுத்தி, அதற்குரிய இரண்டு பின்களில் முனைகளை வைத்து, இணைப்பு சரி என்று பீப் சத்தம் கேட்ட பிறகே அடுத்த நிலைக்கு நகர்ந்தார். சத்தம் வரும்போதே லீவரை ஆட்டியும் பார்த்தார், விட்டுவிட்டு வருகிறதா என்று. வெளிநாட்டில் பழைய பாகம் வாங்கினால் உத்தரவாதத் தாள் ஒன்று கிடைக்கும். ஆனால் ஒரு லீவருக்காக இவ்வளவு நேரம் குனிந்து உட்காரும் ஒருவரை நான் அங்கே கண்டதில்லை.

பழைய லீவரின் உள்முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருந்தது. இண்டிகேட்டரைப் போடும்போது இந்த நாக்கு தண்டை நோக்கி வெளியே நீளும். வளைந்து முடித்து ஸ்டியரிங் திரும்பி வரும்போது, தண்டோடு சேர்ந்து சுழலும் முட்டு அதைத் தள்ளி லீவரைப் பழைய இடத்துக்கு அனுப்பும். எங்களுடைய நாக்கின் முனை தேய்ந்து வழவழப்பாகியிருந்தது, முட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. புதிதாக வந்ததில் முனை கூராக இருந்தது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, லீவரை நடு நிலையில் நிறுத்தி உள்ளே தள்ளச் சொன்னார் அண்ணன். நாக்கு நீண்டிருக்கும்போது தள்ளினால் முட்டில் மோதி உடைந்துவிடுமாம். கவரை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தோம். டக், டக். இரண்டு முறையும் தானாகத் திரும்பியது.

விளக்கு அணைந்ததற்குக் காரணம் வேறு. அண்ணன் பழைய லீவரைப் பிரித்தார். டிம்முக்கான செம்புத் தகடு கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி வழிந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று அப்பா சில வருடங்களுக்கு முன் 100/90 வாட் பல்பு போட்டிருந்தார். கம்பெனி கொடுத்தது 60/55 வாட். ஹை பீமில் 12 வோல்ட்டுக்கு இரண்டு 60 வாட் பல்புகள் இழுப்பது 10 ஆம்பியர், இரண்டு 100 வாட் பல்புகள் இழுப்பது 16 ஆம்பியருக்கும் மேல். டிம்மிலும் 55-க்கும் 90-க்கும் அதே போன்ற வித்தியாசம். இந்த வண்டியில் அந்த மின்சாரம் முழுவதும் இந்தச் சின்னத் தகடுகள் வழியாகத்தான் போகிறது. பெரிய மின்சாரத்தை சுவிட்சுக்கு வெளியே தனி வழியில் விடும் ரிலே போட்டிருந்தால் சுவிட்சுக்கு இந்தச் சுமை வந்திருக்காது. பல்பு மாற்றியவர்கள் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதே பல்போடு விட்டால் இப்போது மாட்டிய லீவரும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

நான் கிளம்புவதற்குள் பல்புகளை மட்டும் 60/55-க்கு மாற்றிவிட்டேன். வெளிச்சம் குறைந்துவிட்டதாக அப்பாவுக்கு வருத்தம். கண்ணாடி மங்கிப்போன முகப்பு விளக்குகளைத் தேய்த்து மெருகேற்றினால் பாதிக் குறை தீரும் என்றார் அண்ணன். அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அப்பா போகிறாரா என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.