சிஸ்டம் ஷாக் 2 மறுபதிப்பு: தேய்ந்த துப்பாக்கியும் திறந்தே கிடக்கும் கதவும்

1999 ஆகஸ்டில் வந்த சிஸ்டம் ஷாக் 2 என்ற கம்ப்யூட்டர் கேமை நைட்டைவ் ஸ்டூடியோஸ் 2025 ஜூனில் புதுப்பித்து வெளியிட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். ஹாரரும், ஒரு ஆளின் திறமைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ரோல்பிளேயிங்கும் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்த கேமை நான் அதற்கு முன்பு ஆடியதில்லை. அதற்குப் பின்பு ஆடியவையும் மிகக் குறைவு.

இந்த இரண்டு வகையோடும் வளர்ந்தவன் நான். கம்ப்யூட்டரில் என்னை முதலில் நடுங்கவைத்தது ஒரு ரோல்பிளேயிங் கேம்தான், விசார்ட்ரி. 1981-இல் வந்தது. என் கைக்கு வந்தபோதே பழசாகிவிட்டிருந்தது. திரையில் சுவர்களுக்குப் பதிலாக வெறும் கோடுகள், கீழே ஆறு பேருடைய பெயர்களும் எண்களும். ஆனால் செத்துப்போன ஆளை உயிர்ப்பிக்கும் முயற்சி பலிக்காவிட்டால் அவன் சாம்பலாகிவிடுவான். சாம்பலை எழுப்பும் முயற்சியும் தோற்றால் அவ்வளவுதான், ஆள் நிரந்தரமாகப் போய்விடுவான். இரவெல்லாம் உட்கார்ந்து வளர்த்த ஆள். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் விரல் அப்படியே நின்றுவிடும்.

அப்புறம் 1992-இல் அலோன் இன் தி டார்க். ஃப்ரெடெரிக் ரேனால் உருவாக்கிய அந்தக் கேமில் கேமரா ஒவ்வொரு அறையிலும் ஏதாவது ஒரு கோணத்தில் அசையாமல் நிற்கும். நம் ஆள் நடப்பது தெரியும், எதை நோக்கி நடக்கிறான் என்பது பல சமயம் தெரியாது. விசார்ட்ரியில் பயம் இழப்பிலிருந்து வந்தது, இதில் கண்ணுக்கு மறைக்கப்பட்டதிலிருந்து வந்தது. சிஸ்டம் ஷாக் 2 இரண்டையும் ஒரே விண்கலத்தில் போட்டுப் பூட்டியது.

கதை 2114-இல் நடக்கிறது. வான் ப்ரான் என்ற கப்பலில் உறைநிலைத் தூக்கத்திலிருந்து விழிக்கிறோம். உடம்பில் யாரோ இயந்திரங்களைப் பொருத்தியிருக்கிறார்கள், நடந்தது எதுவும் நினைவில் இல்லை. கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள், அல்லது புழு ஒட்டிய ஹைப்ரிட்டுகளாகத் திரிகிறார்கள். ஜானிஸ் பொலிட்டோ என்ற டாக்டர் ரேடியோவில் வழிகாட்டுகிறார். கையில் கிடைக்கும் முதல் ஆயுதம் ஒரு ரென்ச். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். 4-ஆவது தளத்தில் ஒரு அறை இருக்கிறது, அங்கே போகும்வரை எந்த வீடியோவும் பார்க்காதீர்கள், எதையும் தேடிப் படிக்காதீர்கள்.

மருத்துவத் தளத்தில் எல்லோருக்கும் நடப்பதைச் சொல்கிறேன். பிஸ்டல் கிடைத்த சந்தோஷத்தில் ஹைப்ரிட்டுகளைச் சுட்டுக்கொண்டே போவோம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் நிலை தேய்கிறது என்பதைக் கவனித்திருக்க மாட்டோம். ஒரு நீண்ட வராந்தாவின் கோடியில் ஒருவன் ஷாட்கன்னோடு திரும்புவான். குறிபார்த்து அழுத்தினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ரிப்பேர் ஸ்கில் வேண்டும், நாம் அதில் ஒரு புள்ளிகூடப் போட்டிருக்க மாட்டோம். ரென்ச்சுக்கு மாறி, மூலையில் ஒட்டி நின்று, அவன் காலடி நெருங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவன் நெருங்கும்போது “ஓடு”, “என்னைக் கொன்றுவிடு” என்று கெஞ்சுவான். கெஞ்சிக்கொண்டேதான் தாக்குவான். உள்ளே இன்னும் ஒரு மனிதன் மிச்சம் இருக்கிறான் என்பது அந்தக் குரலில் தெரியும்போது, அடித்து வீழ்த்திய பிறகும் நிம்மதி வராது.

விழுந்தவனின் ஷாட்கன்னை எடுத்துப் பார்த்தால் அது உடைந்திருக்கும், சுட முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் தோட்டாவை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒற்றைத் தோட்டாவைப் பையில் போடும் நொடியில்தான் இந்தக் கேம் பிடிபடுகிறது. இங்கே நாம் வீரன் இல்லை, ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவழிக்கும் ஆள்.

பயத்தின் பாதி இந்த எண்களில்தான் இருக்கிறது. சைபர் மாட்யூல் என்பதுதான் ஸ்கில் வாங்கும் காசு, அது கப்பல் முழுவதுமே அளவோடுதான் கிடைக்கும். ஒரு ஸ்கில் ஏற ஏற அடுத்த படியின் விலையும் ஏறும். ஹேக்கிங்கில் போட்டால் கேமராக்களை அணைக்கலாம், பூட்டிய பெட்டிகளைத் திறக்கலாம், ஆனால் நல்ல துப்பாக்கி கையில் இருந்தும் பிடிக்கத் தெரியாது. ஆயுதப் பயிற்சியில் போட்டால் பூட்டிய கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். மனோசக்தி தனி வழி. அது கொஞ்சம் மெதுவாகத்தான் கைவரும். நான்கு ஓஎஸ் மெஷின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சலுகையைத் தேர்ந்தெடுக்கலாம், பிறகு மாற்ற முடியாது. மற்ற கேம்களில் லெவல் ஏறினால் தெம்பு வரும். இங்கே ஸ்கில் வாங்கும்போதெல்லாம் எதைக் கைவிட்டோம் என்ற கவலைதான் முதலில் வருகிறது.

பையைத் திறந்தால் கேம் நிற்காது. இன்றைக்கு ஆடுபவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சியாக இருக்கும். மருந்தைத் தேடும்போதும், குண்டு வகையை மாற்றும்போதும், ஹேக் செய்யும்போதும் பின்னால் உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹேக்கிங் என்பது ஒரு கட்டத்தில் மூன்று புள்ளிகளை வரிசையாக இணைப்பது. தப்பான புள்ளியைத் தொட்டால் காரியமே கெட்டுவிடும். கணக்குப்போல அமைதியாக யோசிக்க வேண்டிய வேலைதான். அதைச் செய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு தானாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டால், என்ன செய்வீர்கள்?

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தீஃப் கேமுக்காக லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய டார்க் எஞ்சினில்தான், அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளில்தான், இதையும் இர்ரேஷனல் கேம்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். நிழலும் ஒலியும்தான் அந்த எஞ்சினின் உயிர். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று காதாலேயே கணிக்கலாம், நம் காலடியை அவனும் கேட்பான். ஸெர்க்ஸெஸ் என்ற கப்பல் கம்ப்யூட்டரின் அறிவிப்புகள், முட்டைகளைப் பராமரிக்கும் மிட்வைஃப்களின் கொஞ்சல் முணுமுணுப்பு, மூளை வெளியே தெரியும் சோதனைக் குரங்குகளின் கீச்சிடல், எல்லாவற்றையும் முதலில் காதுதான் கண்டுபிடிக்கிறது. டெர்ரி ப்ரோசியஸ் குரல்கொடுத்த ஷோடான் என்ற செயற்கை அறிவு பேசும்போது சொற்கள் திக்கும், ஒரே வாக்கியத்துக்குள் சுருதி ஏறி இறங்கும், இரண்டு மூன்று பேர் ஒரே வாயால் பேசுவதுபோல் இருக்கும். கேம்களில் நான் கேட்ட வில்லன் குரல்களில் இதற்கு மேலே எதையும் வைக்க மாட்டேன்.

சரி, மறுபதிப்பு எப்படி? கப்பலின் அமைப்பு, குரல்கள், எண்கள் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. நைட்டைவ் தன்னுடைய கெக்ஸ் எஞ்சினுக்கு மாற்றியிருக்கிறது, ஆட்களையும் ஆயுதங்களையும் புதிதாகச் செய்திருக்கிறது, கன்ட்ரோலரிலும் ஆடலாம். ஹைப்ரிட்டின் முகம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் பழைய கோணல்மாணல் முகம்தான் இன்னும் பிடிக்கும். நாலைந்து பட்டைகளால் செய்த முகத்தில் மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்ளும், மனசு நிரப்புவது எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் புதிய முகத்தைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆயுதங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன, ரென்ச்சில் கூட வேலைப்பாடு தெரிகிறது.

இந்தக் கேம் நம் கையில் இருப்பதே பெரிய விஷயம். லுக்கிங் கிளாஸ் 2000 மே மாதம் மூடப்பட்டது. உரிமை சுற்றிச் சுற்றி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பல வருஷம் சட்டப்படி வாங்க வழியே இல்லை. பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களும் புதிய கம்ப்யூட்டரில் அதை ஓடவைக்கப் படாதபாடு பட்டார்கள். 2012-இல் பெயர் சொல்லாத ஒருவர் அந்த எஞ்சினைச் சீர்செய்து ரசிகர்களுக்குப் போட்டுக்கொடுத்தார். அதே சமயத்தில் ஸ்டீஃபன் கிக் உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து, 2013-இல் கேமைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தார். நைட்டைவ் என்ற நிறுவனம் பிறந்ததே அதில்தான். மறுபதிப்பில் தெரியும் அக்கறைக்குக் காரணம் இந்த வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதி, அதாவது கப்பலை விட்டு, ஹைப்ரிட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் மெனி என்ற பிரம்மாண்ட உயிருக்குள்ளேயே நுழையும் பகுதி, அவசரமாக முடித்ததுபோல் இருக்கிறது. அதுவரை இடம் மனிதர்கள் வாழ்ந்த இடமாக இருந்தது: கட்டில், கான்டீன், கழற்றிப்போட்ட கோட்டு, ஒவ்வொரு மூலையிலும் யாரோ விட்டுப்போன ஒலிப்பதிவு. அங்கே அது எதுவும் இல்லை, சதைச் சுவர்கள்தான். முடிவுக் காட்சியும் முன்னால் வந்ததற்கு ஈடாக இல்லை. சுத்தம் செய்த அறைக்குள் எதிரிகள் திரும்பத் திரும்ப வருவது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அது வேண்டும். பாதுகாப்பான மூலை என்று ஒன்று கிடைத்துவிட்டால் இந்தக் கேமில் பிறகு என்ன இருக்கிறது? துப்பாக்கி தேயும் வேகம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முறை ஆடுகிறவர்கள் தொடக்கத்தில் எந்தப் படைப்பிரிவு என்று கேட்கும்போது நேவியில் சேருங்கள், ஹேக்கிங் கைகொடுக்கும். தேய்ந்த ஆயுதத்தைப் பராமரிக்கும் மெயின்டனன்ஸ் ஸ்கில்லில் சீக்கிரமே ஒரு புள்ளி போட்டுவிடுங்கள். நல்ல குண்டை வீணாக்காதீர்கள்: கவசம் துளைப்பது ரோபோவுக்கு, ஆளைத் தாக்குவது ஹைப்ரிட்டுக்கு. ஹெட்போன் கட்டாயம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதியும் இதில் இருக்கிறது, 1999-இல் கேம் வந்த பிறகு பேட்ச் என்ற திருத்தம் போட்டுத்தான் அதைச் சேர்த்தார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் கதவு திறக்கும் அந்தச் சத்தம் காதில் விழாது.