கமலாபுரம் வாசலில் ஒன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து சேலத்துக்குப் பறக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கின பிறகு கமலாபுரம் விமான நிலைய வாசலில் நின்றது மட்டும் ஒன்றரை மணி நேரம்.

இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை, உச்சி வெயில். செல்போனில் டாக்சி தேடினால் வட்டம் சுற்றுகிறதே தவிர வண்டி வரவில்லை. கூட இறங்கினவர்களை எல்லாம் வீட்டுக் கார் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அம்மாவுக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்ற ஆசையில் நான் யாரையும் வரச் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஆட்டோவை மறித்தேன்.

"டவுனுக்கு எவ்வளவுங்கண்ணா?"

"ஆயிரம் குடுங்க சார். திரும்பி காலியாத்தானுங்க வரணும்."

"பஸ் கிடையாதுங்களா?"

"மெயின் ரோட்டுக்குப் போனா வருமுங்க." சிரித்தார். "பிளேன்ல வர்றவங்க பஸ்ல போவாங்களா சார்?"

ஆயிரத்தைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது.

நான் இருப்பது நார்வேயின் வடகோடியில், வாட்சோ என்ற சின்ன ஊர். ரயிலே கிடையாது. பனிப்புயல் அடித்தால் சாலையை மூடிவிடுவார்கள். பிரசவமோ நெஞ்சுவலியோ, ஆஸ்பத்திரி கடலுக்கு அக்கரையில் சிர்க்கெனெஸில். லாபம் வராத விமான வழித்தடங்களை அரசே டெண்டர் விட்டுக் காசு கொடுத்து ஓட்டுகிறது. மீன் பிடிப்பவரும் பந்து விளையாடப் போகும் பள்ளிப் பிள்ளைகளும் அதே சின்ன விமானத்தில்தான். எங்களுக்கு அதுதான் டவுன் பஸ். அதற்கு வரிப்பணம் கொடுக்க அங்கே எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

சேலம் அப்படியா? ராத்திரி சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியுமுன் ஜங்ஷன். பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. ஹவாய் செருப்பு போட்டவரும் பறக்கலாம் என்றுதான் 2017இல் சின்ன ஊர்களுக்கு மலிவாக விமானம் விடும் உடான் திட்டத்தின் விமானங்களைத் தொடங்கிவைத்தார் பிரதமர். அப்போது சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு. நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருஷம் மானியம். அதில் மாநிலத்தின் பங்கு 20 சதவீதம். வந்த விமானத்தில் குனிந்து கால்களைப் பார்த்தேன். ஒரு செருப்பும் இல்லை. நான் போட்டிருந்ததும் ஷூதான், அது வேறு விஷயம்.

மானியம் போனபின் விமானமாவது தொடர்ந்து ஓடுகிறதா? 774 வழித்தடங்கள் கொடுத்ததில் 403 தொடங்கவே இல்லை, 2023 மார்ச்சில் மூன்று வருஷம் தாண்டியும் ஓடியவை 54 என்றது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி அறிக்கை. சேலத்திலேயே 2018இல் வந்த சேவை 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப விமானம் வந்தது. வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுதளத்தைப் புதுப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கேட்கிற மலையூருக்கும் தீவுக்கும் தாராளமாகக் கொடுக்கட்டும். இங்கே அந்தக் காசில் கமலாபுரம் வாசலிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு, விமானம் இறங்கும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் விட்டால் போதும். நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்காக்களும் ஏறிக்கொள்வார்கள்.

ஆயிரம் கேட்டவர் எண்ணூறுக்கு இறங்கினார். வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்துத் திகைத்து, அழுது, பிறகு கையைப் பார்த்தார்.

"பிளேன்லயா வந்தே? அப்போ ஜங்ஷன் பக்கம் தட்டு வடை செட்டு வாங்கலையாடா?"