கிளைடரில் எதைக் கட்டாயமாக்குவது: ட்ரான்ஸ்பாண்டரா, ஃப்ளார்மா, வெறும் பெயிண்டா?

2006 ஆகஸ்ட் 28, பிற்பகல். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகருக்குத் தென்கிழக்கே, சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம், வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்தது. ரீனோவில் இறங்குவதற்காக உயரம் குறைத்து வந்த ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட் ஒன்று அதன் மேல் மோதியது. கிளைடர் உடைந்து விழ, அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். ஜெட்டில் ஐந்து பேர். மூக்கு நொறுங்கிய அந்த விமானம் சக்கரங்களை இறக்க முடியாமல் கார்சன் சிட்டி ஓடுதளத்தில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் சாகவில்லை என்பது இன்றைக்கும் நம்பக் கடினமாக இருக்கிறது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த கிளைடரில் ட்ரான்ஸ்பாண்டர், அதாவது ரேடார் கேட்டால் தானாகப் பதில் சொல்லும் ரேடியோக் கருவி, இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியை ரேடியோவுக்கு மிச்சம் பிடிப்போம் என்பதுதான் விமானியின் கணக்கு. ட்ரான்ஸ்பாண்டர் பதில் சொல்லாததால் ஜெட்டில் இருந்த டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவிக்கு அங்கே ஒரு கிளைடர் இருப்பதே தெரியவில்லை.

அமெரிக்க விதிப்படி 10,000 அடிக்கு மேலும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் பறக்க ட்ரான்ஸ்பாண்டர் வேண்டும். கிளைடர்களுக்கும் பலூன்களுக்கும் அதில் பெருமளவு விலக்கு உண்டு. இந்த விலக்கை எடுத்துவிடுங்கள் என்று விபத்தை விசாரித்த என்டிஎஸ்பி என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008ல் பரிந்துரைத்தது. விதிகளை வகுக்கும் அமெரிக்க அரசின் விமானத் துறை 2015ல் அதைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. விலக்கு மட்டும் போகவில்லை. ஐரோப்பா இதற்குள் ஃப்ளார்ம் என்ற வேறொரு கருவியின் பக்கம் போய்விட்டது. அதனால் கிளைடர்காரர்களிடம் 'எதைக் கட்டாயமாக்கலாம்' என்று கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். அந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், யாரிடமிருந்து தப்பிக்க வேண்டும்?

கிளைடருக்கு இரண்டு விதமான மோதல் ஆபத்து உண்டு. ஒன்று நெவாடாவில் நடந்தது: வேகமாக வரும் எஞ்சின் விமானம். இன்னொன்று சக கிளைடர். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றுத்தூணை தெர்மல் என்பார்கள். ஒரு பருந்து வட்டமிட ஆரம்பித்தால் சற்று நேரத்தில் ஏழெட்டுப் பருந்துகள் அதே இடத்தில் சுற்றுவதைப் பார்த்திருப்போம். கிளைடர்களும் அப்படித்தான். போட்டி நாட்களில் ஒரே தெர்மலில் இருபது முப்பது கூட அடுக்கடுக்காகச் சுற்றும். ஒன்றின் அடிவயிறு இன்னொன்றின் தலைக்கு மேல். ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் சரிவை ஒட்டி எதிரும் புதிருமாகப் பறப்பார்கள்.

இந்த இரண்டு ஆபத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. விவாதம் வருடக்கணக்காக இழுப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜெட்டை மனதில் வைத்துப் பேசுகிறவரும் சக கிளைடரை மனதில் வைத்துப் பேசுகிறவரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பிரச்சினையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ட்ரான்ஸ்பாண்டர்

தரையிலுள்ள ரேடாரும் பிற விமானங்களின் டிகாஸும் 1030 மெகாஹெர்ட்ஸில் 'யார் அங்கே?' என்று கேட்கும். ட்ரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் தரும். பயணிகள் விமானத்துக்குப் புரிகிற மொழி இது. கட்டுப்பாட்டு அதிகாரியின் திரையில் புள்ளி தெரியும், ஜெட்டின் டிகாஸ் 'ஏறு', 'இறங்கு' என்று விமானிக்குக் கட்டளையே போடும். அமெரிக்காவில் கிளைடர்களுக்கென்று 1202 என்ற தனிக் குறியீடும் 2012ல் வந்தது. திரையில் அந்த எண்ணைப் பார்த்தாலே, இது வட்டமடிக்கும், இதனிடம் நேர்கோட்டுப் பாதையை எதிர்பார்க்காதே என்று அதிகாரிக்குப் புரிந்துவிடும்.

வெறும் கண் இந்த வேலையைச் செய்யாது. 300 நாட் வேகத்தில் வரும் ஜெட் நொடிக்கு ஏறக்குறைய 154 மீட்டர் கடக்கும். எதிரே ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, மோதும் என்று தீர்மானித்து, விமானத்தைத் திருப்புவதற்கு 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. அப்படியென்றால் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டருக்கு அப்பாலேயே கிளைடரைப் பார்த்தாக வேண்டும். இறக்கை 18 மீட்டர் நீளம் என்றாலும் நேர் எதிரில் இருந்து பார்த்தால் அது ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. பின்னணியில் வெண்மேகம் இருந்தால் அந்தக் கோடும் இல்லை.

குறைகள்? விலை, நிறுவும் செலவைச் சேர்க்காமலே 2,000 டாலரைத் தாண்டும். அமெரிக்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும். குறைந்த மின்சாரம் குடிக்கும் இரண்டாம் வகுப்புக் கருவிகளின் சான்று 15,000 அடிக்குள்தான். நெவாடா மோதல் நடந்ததோ 16,000 அடியில். முக்கியமான குறை ஒன்று இன்னும் இருக்கிறது: தெர்மலில் சுற்றும் சக கிளைடருக்கு இதனால் பெரிதாக ஒரு பிரயோசனமும் இல்லை. நேராகப் போகும் விமானங்களை மனதில் வைத்து உருவான முறை இது. முப்பது கிளைடர்கள் ஐம்பது மீட்டர் இடைவெளியில் சுற்றும் இடத்தில் அதே முறையை வைத்தால் எச்சரிக்கை ஓயாமல் அலறும். ஓயாமல் அலறுவதை யாரும் கேட்பதில்லை.

ஃப்ளார்ம்

2004ல் சுவிட்சர்லாந்தில் கிளைடர் ஓட்டுகிறவர்களே உருவாக்கிய கருவி. ஆல்ப்ஸில் கிளைடர்கள் ஒன்றோடொன்று மோதிச் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் செய்தார்கள். அதனால்தான் அதன் மூளை கிளைடரைப் போலவே யோசிக்கிறது. ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தையும் காற்றழுத்தம் மூலம் உயரத்தையும் அறிந்து, அடுத்த சில நொடிகளில் எங்கே இருப்போம் என்ற கணிப்போடு சேர்த்து, நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், மிகச் சிறிய சக்தியில். பக்கத்தில் உள்ள இன்னொரு ஃப்ளார்ம் அதைக் கேட்டு, இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளுமா என்று பார்க்கும். வட்டமடிக்கிறது என்றால் வட்டமாகவே கணிக்கும். பக்கத்தில் இருப்பதற்காகக் கத்தாது, மோதப் போவதற்காகத்தான் கத்தும். அதுவும் ஏறக்குறைய 18 நொடி இருக்கும்போது தொடங்கி, நேரம் குறையக் குறைய வேகமாக.

இந்த ஒரு நிதானம்தான் ஃப்ளார்மின் வெற்றி. எந்த அரசும் கட்டாயப்படுத்தாமலே ஐரோப்பிய கிளைடர்களில் பரவிவிட்டது. உலகப் போட்டிகளில் அது இல்லாமல் புறப்பட முடியாது. விலை குறைவு, மின்சாரமும் மிகக் குறைவு. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட சிறு மாற்றங்களைத் தனித்தனியாக அனுமதி வாங்காமல் பொருத்திக்கொள்ள 'நிலையான மாற்றங்கள்' என்ற எளிய வழியும் 2015ல் வந்துவிட்டது.

சரி, கோளாறு எங்கே? ஃப்ளார்ம் இன்னொரு ஃப்ளார்மைத்தான் பார்க்கும். ஜெட்டின் டிகாஸுக்கு இது ஊமை. பவர்ஃப்ளார்ம் என்ற பிற்கால வடிவம் ட்ரான்ஸ்பாண்டர்களையும் கேட்கும். ஆனால் சாதாரண ட்ரான்ஸ்பாண்டரின் பதிலை வைத்து 'இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயர வித்தியாசத்தில் ஒன்று இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியாது. நாம் ஜெட்டைக் கேட்கலாம், ஜெட் நம்மைக் கேட்காது.

அடுத்தது ஆன்டெனா. இதைப் பற்றி விற்பனைத் தாள்கள் அடக்கித்தான் வாசிக்கும். கண்ணாடி இழை உடல் என்றால் ரேடியோ அலை உள்ளிருந்தே வெளியே போய்விடும். கார்பன் இழை என்றால் அது அலையை வெளியே விடாத ஒரு கூண்டு. காக்பிட்டில் வைத்த ஆன்டெனாவுக்கு முன்னால் கார்பன் மூக்கும் பின்னால் விமானியின் உடம்பும் இருந்தால், கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் குருடாகிவிடும். கீழேயிருந்து இன்னொரு கிளைடர் ஏறி வருவது நமக்கு வெகு தாமதமாகத்தான் தெரியும். விமானி கருவியைப் பொருத்திவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பார். பறந்து வந்த பதிவுக் கோப்பைக் கொடுத்தால், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று படம் போட்டுக் காட்டும் வசதி இணையத்திலேயே உண்டு. கட்டாயம் என்று எழுதினால் கருவியை மட்டும் எழுதக் கூடாது, அந்தப் படத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மென்பொருளும் ஒரு தலைவலி. காலாவதியான பதிப்பு மற்றவற்றோடு பேசுவதை நிறுத்திவிடும். 2015 மார்ச் 31ல் பழைய பதிப்புகள் இப்படி ஒரேயடியாகச் செத்தன. தகவல்முறை ஒரே நிறுவனத்தின் பூட்டிய பெட்டி என்ற புகாரும் பழையது. உயிர் காக்கும் மொழியை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடலாமா என்பது நியாயமான கேள்விதான். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022ல் ஏடிஎஸ்-எல் என்ற திறந்த முறையை வெளியிட்டது இந்த இடத்தை நிரப்பத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போட்டியில் ஃப்ளார்ம் திரையில் எதிராளி எங்கே வேகமாக ஏறுகிறார் என்று தெரிந்தால், நல்ல தெர்மலை அவர் தேடட்டும், நாம் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் கிளம்பினார்கள். அதைத் தடுக்க, மோதும் ஆபத்து இல்லாதபோது விவரங்களை மறைக்கும் முறை ஒன்றையும் சேர்த்தார்கள். மோதலைத் தவிர்க்க வந்த கருவிக்குள்ளேயே ஒளிந்துகொள்ள ஒரு பொத்தான்!

ஏடிஎஸ்-பி

யாரும் கேட்காமலே தன் ஜிபிஎஸ் இடத்தை எல்லோருக்கும் அறிவிக்கும் முறை. தாளில் பார்த்தால் இதுவே சிறந்தது: ஜெட்டுக்கும் தெரியும், பவர்ஃப்ளார்ம் வைத்த கிளைடருக்கும் திசையோடு தெரியும். அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட வான்பகுதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. அங்கும் கிளைடருக்கு விலக்கு. சான்றுபெற்ற ஜிபிஎஸ்ஸோடு முழுமையாகப் பொருத்தினால் செலவு ட்ரான்ஸ்பாண்டரைவிடக் கூடும். நடுவழியாக, கிளைடரையும் பலூனையும் மனதில் வைத்து டாப்ஸ் என்ற எளிய கருவிக்கான தரம் அங்கே 2014ல் வந்தது. பிரிட்டன் 2020ல் வேறு வழி பிடித்தது: இப்படிப்பட்ட கருவி வாங்கினால் விலையில் பாதியை, அதிகபட்சம் 250 பவுண்டு வரை, திருப்பித் தந்தது. கையில் எடுத்துப்போகும் சிறு ஏடிஎஸ்-பி பெட்டிகள் அங்கே பரவ இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சிறு பெட்டிகள் டிகாஸுக்குப் பதில் சொல்லாது என்பதை வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும்.

பெயிண்டும் விளக்கும்

'ஏன் எல்லா கிளைடரும் வெள்ளை? நல்ல ஆரஞ்சு அடித்தால் தெரியாதா?' புதிதாகப் பார்க்கிற எல்லோரும் கேட்பது இது. இழைப் பொருட்களைப் பிணைக்கும் பிசின் சூட்டில் இளகும். பல கிளைடர்களின் கட்டமைப்பு 54 டிகிரி செல்சியஸ் வரைதான் சோதிக்கப்பட்டது. அடர் நிற இறக்கை வெயிலில் நின்றால் அதைத் தாண்டிவிடும். அதனால் மூக்கு, இறக்கை நுனி, வால் என்று சில இடங்களில் மட்டும் நிறப் பட்டைக்கு அனுமதி. பளிச்சென்று மின்னும் எல்இடி விளக்கும் இப்போது வருகிறது. கண்ணால் பார்க்கும் தூரத்தில் உதவும், செலவு சொற்பம், கெடுதல் இல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பேட்டரிக் கணக்கு

பழைய கிளைடர்களில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று. எஞ்சின் இல்லை, அதனால் பறக்கும்போது சார்ஜ் ஏறாது. ரேடியோ, ஏற்ற இறக்கம் காட்டும் மின்னணு வேரியோ, வழிகாட்டித் திரை, ஃப்ளார்ம் எல்லாம் சேர்ந்து முக்கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரான்ஸ்பாண்டர் இன்னொரு கால் ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆக ஒரு ஆம்பியரைத் தாண்டிவிடும். பேட்டரி பழசு, மேலே குளிர் என்றால் ஐந்து மணி நேரம் தாங்கினாலே பெரிது. நெவாடாவில் நல்ல நாளில் ஏழெட்டு மணி நேரம் பறப்பார்கள். அந்த விமானி சுவிட்சை அணைத்தது தவறுதான், ஆனால் அவர் கணக்கு தப்பில்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் அதே அளவுப் பெட்டியில் கூடுதல் நேரம் தருகின்றன. ஆனால் பேட்டரி வகையை மாற்றுவதும் ஒரு மாற்றம்தான். ஃபியூஸ், பிடிமானம், அனுமதித் தாள் எல்லாம் அதற்கும் வேண்டும்.

மோதிய பிறகு

இது தனிக் கதை, ஆனாலும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நெவாடா விமானியைக் காப்பாற்றியது மோதல் தவிர்ப்புக் கருவி எதுவுமில்லை, முதுகில் இருந்த பாராசூட். கண்ணாடி மூடி சுத்தமாகக் கழன்று போக உதவும் ரோகர் கொக்கி, விமானியை இருக்கையிலிருந்து தூக்கிவிடும் நோவா காற்றுப்பை போன்றவை இந்த வரிசையில் வரும். மேலே சொன்ன நாலில் எதை வாங்கினாலும் பழைய கிளைடரில் அந்தக் கொக்கியை மாட்ட முடியுமா என்று விசாரித்து வைப்பது நல்லது.

என் தேர்வு

மலைப்பகுதியிலோ போட்டியிலோ பறக்கிறவருக்கு ஃப்ளார்மைக் கட்டாயமாக்கலாம், மறுபேச்சில்லை. ஜெட்கள் ஏறி இறங்கும் பாதைக்குக் கீழே பறக்கிறவருக்கு ட்ரான்ஸ்பாண்டர்தான் வேண்டும், ஃப்ளார்ம் அங்கே ஆறுதல் மட்டுமே. நாடு முழுக்க எல்லா கிளைடருக்கும் ட்ரான்ஸ்பாண்டர் என்று ஒரே விதி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வார இறுதியில் ஓடுதளத்தைச் சுற்றி இருபது நிமிடம் பறக்கும் பயிற்சி கிளைடருக்கு அது வீண் செலவு, கிளப்பையே மூட வைக்கும். குறிப்பிட்ட வான்பகுதிக்குள் நுழைந்தால் மட்டும் ட்ரான்ஸ்பாண்டர் வேண்டும் என்று ஐரோப்பாவில் எல்லை வரைந்து வைக்கிறார்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ரீனோவைச் சுற்றியும் அப்படி ஒரு வளையம் வரைந்திருக்கலாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் விதியின் முதல் வரியில் நான் எழுதுவது இரண்டாவது பேட்டரியைத்தான். ட்ரான்ஸ்பாண்டருக்கென்றே தனியாக, அதிலிருந்து ரேடியோவுக்கு வயர் போகாதபடி.