கச்சேரி ப்ளூ-ரேயில் 1080ஐ: நீண்ட நாள் பயன்பாட்டுக் குறிப்புகள்

கச்சேரி ப்ளூ-ரே வாங்குபவர்கள் உறையின் பின்பக்கத்தில் முதலில் தேடுவது 1080பி என்ற குறியை. 1080பி-யில் ஒவ்வொரு படமும் 1080 வரியும் கொண்ட முழு பிரேம்; 1080ஐ-யில் ஒன்றுவிட்டு ஒரு வரியாக 540 வரி கொண்ட அரைப் படங்கள், அதாவது ஃபீல்டுகள், மாறிமாறி வரும். 1080ஐ என்று கண்டால் பலர் டிஸ்க்கைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மேடையில் நேரடியாக எடுத்த நிகழ்ச்சிக்கு 1080ஐ பெரும்பாலும் சரியான தேர்வு. படம் பிசிறடித்தால் டிஸ்க்கைக் குறை சொல்லுமுன், இரண்டு ஃபீல்டுகளையும் முழு பிரேமாக்கும் வேலையை உங்கள் வீட்டில் எந்தப் பெட்டி செய்கிறது என்று பாருங்கள்.

சாதாரண ப்ளூ-ரே விதிமுறைப்படி 1920×1080 அளவில் முழு பிரேம்களை நொடிக்கு 23.976 அல்லது 24 என்ற வேகத்தில் மட்டுமே பதிய முடியும். அதைவிட வேகமான அசைவு வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, நொடிக்கு 50 அல்லது 59.94 ஃபீல்டு கொண்ட 1080ஐ. மற்றொன்று, அதே எண்ணிக்கையில் முழு பிரேம் தரும் 720பி. 1080பி 60 என்பது சாதாரண ப்ளூ-ரேயில் கிடையாது. கணக்குப் போட்டால் (59.94-ஐ வழக்கில் 60 என்பார்கள்) நொடிக்கு 1080ஐ 60 ஏறத்தாழ 6.2 கோடி பிக்சலும், 720பி 60 சுமார் 5.5 கோடியும், 1080பி 24 சுமார் 5 கோடியும் தருகின்றன. எண்ணிக்கையில் முன்னால் நிற்பதே 1080ஐதான்.

டிரம்ஸ் வாசிப்பவரின் கையைப் பாருங்கள். 24 பிரேமில் எடுத்தால் ஒவ்வொரு பிரேமும் வழக்கமாக 1/48 நொடி திறந்திருக்கும். வேகமான ரோலில் குச்சி வெறும் மங்கல் விசிறியாகிவிடும். 59.94 ஃபீல்டில் அதே ரோல் இரண்டரை மடங்கு மாதிரிகளில் பதிவாவதால் குச்சி தோலைத் தொட்டு எழும்புவது தெரியும். கிரேன் கேமரா கூட்டத்தின் மேல் பாய்ந்து போகும் காட்சியிலும் இதே கதை: 24பி-யில் வெட்டி வெட்டி நகரும், 60ஐ-யில் வழுக்கிக்கொண்டு போகும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த கச்சேரிப் படங்களுக்கு 24பி இயல்பானது, அதை மாற்றக் கூடாது. ஆனால் ஒளிபரப்பு வீடியோ கேமராவில் 60ஐ-யாக எடுத்துவிட்டு, சினிமா போலத் தெரிய வேண்டும் என்று 24பி-யாகச் சுருக்கிய டிஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருந்த அசைவில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சியதும் சீராக இருக்காது.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எடுத்தவை 59.94 ஃபீல்டு, ஐரோப்பாவில் எடுத்தவை 50 ஃபீல்டு என்பது பொது வழக்கம். ஐரோப்பியக் கச்சேரிகளை அமெரிக்கச் சந்தைக்காக 59.94-க்கு மாற்றி வெளியிடுவதும் உண்டு, ஏனென்றால் அங்கே விற்ற பல டிவிகள் 50 ஹெர்ட்ஸ் சிக்னலை ஏற்பதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கும் டிவிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே ஒளிபரப்பே 50 ஹெர்ட்ஸ், டிவிகள் 60-ஐயும் ஏற்கும். ஆகவே ஒரே கச்சேரிக்கு இரண்டு பதிப்பும் கிடைத்தால், எடுக்கப்பட்ட அதே வேகத்தில் இருப்பதை வாங்குங்கள். டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் ரீஜன் குறியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பா பி, இந்தியா சி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ.

மாற்றப்பட்ட டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது எளிது. டிரம்மர் குளோசப்பில் நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். குச்சி ஓர் இடத்திலும், அதன் வெளிறிய நிழல் இன்னோர் இடத்திலும் ஒரே படத்தில் தெரிந்தால், பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்து வேகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது படத்திலேயே பதிந்துபோனது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேயரும் அதை அகற்றாது.

இன்னொரு வகையும் உண்டு. டிஸ்க்கில் 1080ஐ என்றே பதிந்திருக்கும், ஆனால் கேமரா எடுத்தது நொடிக்கு 25 அல்லது 29.97 முழு பிரேம். விதிமுறை அந்த வேகங்களை முழு பிரேமாக ஏற்காததால், ஒவ்வொரு பிரேமையும் இரண்டு ஃபீல்டாகப் பிரித்து அனுப்புகிறார்கள். மீடியாஇன்ஃபோ போன்ற மென்பொருளும் இதை இன்டர்லேஸ்டு (ஃபீல்டு முறை) என்றே காட்டும். கண்ணால்தான் பிரித்தறிய வேண்டும். கணினியில் விஎல்சி அல்லது எம்பிவி பிளேயரில் டி விசையை அழுத்தி டீஇன்டர்லேஸை (ஃபீல்டுகளை முழு பிரேமாக்கும் வேலையை) அணைத்துவிட்டு, வேகமான அசைவில் பிரேம் பிரேமாகப் பாருங்கள். விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வந்தால் உண்மையான இன்டர்லேஸ்டு. எங்குமே வரவில்லை என்றால் முழு பிரேமைப் பிரித்து வைத்தது. இரண்டு ஃபீல்டையும் அப்படியே ஒட்டினால் முழுக் கூர்மை கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பல டிவிகள் 24 பிரேம் சினிமா வரிசையைக் கண்டுபிடிப்பதுபோல பிரேமுக்கு இரண்டு ஃபீல்டு என்ற இந்த 2:2 வரிசையைக் கண்டுபிடிப்பதில்லை. வீடியோ என்று நினைத்து இடைவரிகளைக் கற்பனை செய்து நிரப்பும். கிட்டார் கம்பிகள் துடிக்கும். பிளேயரில் புரோகிரசிவ் என்ற பிரிவில் ஆட்டோ, வீடியோ, பிலிம் என்று மூன்று தேர்வு இருந்தால் இந்த டிஸ்க்குக்கு மட்டும் பிலிம் வையுங்கள். மற்ற கச்சேரிக்கு மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புங்கள்.

டீஇன்டர்லேஸ் செய்யும் சிப் அடிப்படையில் செய்வது இதுதான்: அசையாத பகுதியில் இரண்டு ஃபீல்டையும் சேர்த்து 1080 வரியும் தரும், அசையும் பகுதியில் ஒரே ஃபீல்டின் 540 வரியை வைத்து மீதியை ஊகிக்கும். கச்சேரி மேடை இதற்குக் கடினமான களம். பின்னால் எல்இடி திரை ஓடிக்கொண்டே இருக்கும், புகை மிதக்கும், விளக்கு சுழலும். சாதாரண சிப் எல்லாவற்றையும் அசைவு என்று எடுத்துக்கொண்டு முழுப் படத்தையும் பாதிக் கூர்மைக்கு இறக்கிவிடும். நல்ல சிப் அசைவின் திசையைப் பின்தொடர்ந்து நிரப்பும். வித்தியாசம் பார்க்க வேண்டிய இடங்கள்: சாய்வாகப் பிடித்த கிட்டாரின் கழுத்து, மைக் ஸ்டாண்டு, சிம்பலின் விளிம்பு, மேடைக்கு மேலுள்ள இரும்புச் சட்டம். கடைசியில் மேலே உருளும் பெயர்ப் பட்டியல்தான் எனக்குப் பிடித்த சோதனை. அதில் எழுத்து உடைந்தால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்.

சோதிக்கும் முறை இது. முதலில் பிளேயர் வெளியீட்டை 1080ஐ-யில் வைத்து டிவியை வேலை செய்ய விடுங்கள். பிறகு 1080பி-யில் வைத்து பிளேயரைச் செய்ய விடுங்கள். 4கே டிவி என்றால் 2160பி-யும் ஒருமுறை. ஒரே முப்பது நொடிக் காட்சியை மூன்று விதத்திலும் ஓடவிட்டால் எது மேல் என்று உடனே தெரியும். இடையில் ரிசீவர் (ஒலிபெருக்கிகளை இணைக்கும் பெட்டி) இருந்தால் அதன் வீடியோ ப்ராசசிங்கை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவதாக ஒரு கை உள்ளே புகுந்து ஒப்பீடே குழம்பும். டிவி வென்றால் பிளேயரில் டிஸ்க்கின் இயல்பு அளவையே வெளியிடும் தேர்வைப் போடுங்கள். சோனியில் அது ஒரிஜினல் ரெசொலூஷன், ஓப்போவில் சோர்ஸ் டைரக்ட். இதில் ஒரு சங்கடம்: மெனுவிலிருந்து கச்சேரிக்கும், அங்கிருந்து 24பி பேட்டிக்கும் போகும்போதெல்லாம் சிக்னல் மாறுவதால் திரை சில நொடி கறுத்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கணினியில் பார்ப்பவர்கள் விஎல்சி-யில் டீஇன்டர்லேஸ் மோடில் யாடிஃப் 2எக்ஸ் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் யாடிஃப் என்றால் 59.94 ஃபீல்டு 29.97 பிரேமாகச் சுருங்கிவிடும். 1080ஐ வாங்கியதன் பயன் அங்கேயே பாதி போய்விடும்.

சிவப்பு விளக்கில் வரும் கோளாறைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். முழுச் சிவப்பு ஒளியில் பாடகரின் தோள் விளிம்பில் கிடைக்கோடுகள் வரிவரியாகத் தெரிந்தால் பலரும் டிஸ்க் மோசம் என்று எழுதிவிடுகிறார்கள். ப்ளூ-ரேயில் நிறத் தகவல் வெளிச்சத் தகவலைவிடச் செங்குத்திலும் கிடையிலும் பாதி அளவில்தான் இருக்கிறது. இன்டர்லேஸ்டு படத்தில் அந்த நிற வரிகள் ஃபீல்டுவாரியாகச் சேமிக்கப்படுகின்றன. பிளேயர் அவற்றை முழு பிரேமுக்குரிய முறையில் விரித்தால் ஒரு ஃபீல்டின் நிறம் மற்றதன் வரியில் விழும். சிவப்பிலும் நீலத்திலும் இது பளிச்சென்று தெரியும், வெள்ளை விளக்கில் தெரியவே தெரியாது. வேறு பிளேயரில் அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் டிஸ்க் நல்லது.

பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கும் குழப்பும். ஒரு மின்னல் ஒரே ஃபீல்டில் மட்டும் விழுந்தால், நிறுத்திப் பார்க்கும்போது ஒன்றுவிட்டு ஒரு வரி வெள்ளையாக இருக்கும். ஓடும்போது அது ஒரு துடிப்பு மட்டுமே. ஆனால் படத்தின் மேல்பாதி வெளுத்து கீழ்பாதி இருட்டாக இருந்தால் அதற்கும் இன்டர்லேஸுக்கும் சம்பந்தமில்லை. சிமாஸ் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் கேமராவிலேயே வந்தது.

கட்டம் கட்டமாக உடையும் படத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிட்ரேட், அதாவது நொடிக்கு ஒதுக்கிய தரவின் அளவு. வீடியோவுக்கு உச்சவரம்பு நொடிக்கு 40 மெகாபிட், ஒலியும் சேர்த்து 48. இரண்டரை மணி நேரக் கச்சேரியை 25 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் மொத்தச் சராசரியே சுமார் 22 மெகாபிட்தான். அதில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் 5.1 பிசிஎம் (சுருக்காத ஒலி) 6.9-ஐயும் ஸ்டீரியோ பிசிஎம் 2.3-ஐயும் எடுத்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது 13. புகையும் ஸ்ட்ரோபும் சேரும் பாட்டில் அது போதவே போதாது. நீளமான கச்சேரி என்றால் 50 ஜிபி பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒலி ஒத்திசைவு. டீஇன்டர்லேஸ் செய்ய டிவி சில ஃபீல்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதால் படம் தாமதமாகும், ரிசீவர் வழியே போகும் ஒலி முந்திவிடும். தாமதத்தைக் குறைக்க கேம் மோடு போடாதீர்கள்; பல டிவிகளில் அது நல்ல டீஇன்டர்லேஸையும் சேர்த்தே அணைத்துவிடும். ரிசீவரில் ஒலியை 40 மில்லிநொடியில் தொடங்கிப் பத்துப் பத்தாகத் தள்ளி, ஸ்நேர் டிரம்மில் குச்சி படும் கணத்தோடு சத்தம் பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். 24பி டிஸ்க்குக்கும் 60ஐ டிஸ்க்குக்கும் இந்த எண் வேறாக இருக்கும். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.