ஃபவுண்டன் கிராஸா, கொய்யாவா: ஒரே மூலையில் வைத்துப் பார்த்த மூன்று வருடம்

தோட்டத்து மூலையில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்று சும்மா கிடந்தது. பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலம். அழகுக்கு ஏதாவது வைக்கலாமா, பழ மரம் வைக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல், ஒரே நாளில் இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன். சிவப்பு ஃபவுண்டன் கிராஸ் என்ற அழகுப் புல் மூன்று தொட்டி, விண்பதியன் போட்ட (மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடவைத்து வெட்டியெடுத்த) கொய்யாக் கன்று ஒன்று. அம்மா தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "புல்லைப் பிடுங்கத்தான் ஆள் தேடுவாங்க. நீ நடுறதுக்குத் தேடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கே" என்றார். மூன்று வருடம் கழித்து இதை எழுதும்போது அந்தப் பேச்சுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது.

முதல் வருடம் புல்லுக்குத்தான் வெற்றி, அதில் போட்டியே இல்லை. நட்டபோது ஒரு சாண் உயரம் இருந்த தூர், மூன்றே மாதத்தில் இடுப்பளவு வந்துவிட்டது. மெரூன் நிற இலைகள் நடுவிலிருந்து எழும்பி நாலா பக்கமும் வளைந்து விழும். ஃபவுண்டன் என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கதிர்கள் அணில் வால் மாதிரி இருக்கும், ஆனால் அதைவிட மெலிசு. காலையில் வெயில் அதன் பின்னாலிருந்து வரும் அரை மணி நேரம்தான் முக்கியம். கதிரின் ஒவ்வொரு முடியிலும் பனித்துளி தொங்க, மொத்தத் தூரும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி நிற்கும். வெயில் ஏறிவிட்டால் வெறும் பழுப்புப் புல். படம் எடுப்பவர்கள் எல்லோரும் அந்த அரை மணி நேரத்தில்தான் எடுக்கிறார்கள் என்பது வைத்த பிறகுதான் புரிந்தது.

கொய்யா அந்த வருடம் முழுக்கக் குச்சிதான். போதாததற்கு, இரண்டடி உயரத்தில் தலையை நானே கிள்ளிவிட்டேன். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கம்பாக உயர்ந்துகொண்டே போகும். கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் வெடித்து, கைக்கு எட்டும் மரமாக நிற்கும். இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனசு வரவில்லை. இன்னொரு விஷயம்: பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. இது தெரியாமல் ஊன்றுகோல் கொடுக்காமல் விட்டேன், ஒரு காற்று அடித்த இரவில் கன்று அப்படியே சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கம்பு நட்டுத் துணியால் கட்டினேன். அந்தத் தழும்பு இப்போதும் அடிமரத்தில் இருக்கிறது.

இரண்டாம் வருடம் கதை மாறியது.

மூன்று தூரில் ஒன்று மட்டும் சிவக்கவே இல்லை. வெயில் போதவில்லையோ என்று நினைத்தேன். பிறகு பாதைக் கற்களின் இடுக்கில், ரோஜாத் தொட்டியில், தண்ணீர்க் குழாயடியில் என்று மெல்லிய பச்சை நாற்றுகள் தலை காட்டின. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சிவப்பு ரகம் ஒரு கலப்பு, அதன் விதை பெரும்பாலும் முளைக்காது. சாதாரணப் பச்சை ஃபவுண்டன் கிராஸ் அப்படி இல்லை, விதை தூவிப் பரவிக்கொண்டே போகும். எனக்கு விற்றவர்கள் மூன்றிலும் ஒரே அட்டைதான் சொருகியிருந்தார்கள். போய்க் கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதாங்க, கலர் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்று பதில் வந்தது. ஒண்ணு இல்லை. வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவையும் மேற்காசியாவையும் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பச்சைப் புல், ஹவாய்த் தீவுகளில் காட்டுத்தீக்கு எரிபொருளாகிற களையாக மாறிப் பெரிய தலைவலி கொடுக்கிறது. காய்ந்த தூர் சட்டென்று பற்றும், எரிந்த பிறகு அதுவே முதலில் துளிர்க்கும். ஒரு காலையில் மட்டும் நாற்பது நாற்றுக்கு மேல் பிடுங்கினேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது போதாதா?

பெயர் பற்றி ஒரு வார்த்தை. பழைய புத்தகங்களில் இது பென்னிசெட்டம் என்று இருக்கும். 2010-ல் அந்தப் பேரினத்தைச் சென்க்ரஸ் என்ற இன்னொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். விற்பனை அட்டைகளில் இரண்டு பெயரும் வருகிறது. எந்தப் பெயர் இருந்தாலும், வாங்கும்போது இலையின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கொய்யாவையும் அப்பாவி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கிளம்பிய மரம் இது. கலாபகஸ் தீவுகளில் இதுவும் ஊரைப் பிடித்துக்கொண்ட அந்நியச் செடிதான். பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுக்கொண்டே போகும். என் தோட்டத்தில் அந்தத் தொந்தரவு இதுவரை வரவில்லை, ஏனென்றால் பழம் பறவைக்குப் போவதற்கு முன்னால் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பழ ஈ.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொய்யா வைத்தவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டாம் வருடம் பூ வந்தது. வெள்ளைப் பூ, நடுவில் நூல் நூலாகக் குஞ்சம். காலையில் விரியும், மறுநாளே அந்தக் குஞ்சமெல்லாம் தரையில் உதிர்ந்து கிடக்கும். மரம் சின்னது, முதல் பூவைக் கிள்ளிவிடுவதே நல்லது. ஆசையில் விட்டுவிட்டேன். பதினோரு காய் நின்றது. பூவிலிருந்து பழம் வர நாலைந்து மாதம் ஆகும், தினமும் போய்ப் பார்த்தேன். மஞ்சள் தட்டியதும் முதல் பழத்தைப் பறித்து இரண்டாகப் பிளந்தால், உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. வெளித்தோலில் ஊசி முனை அளவு ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான் அடையாளம். ஈ அங்கே குத்தி முட்டையிட்டிருக்கிறது. பதினொன்றில் மூன்றுதான் வாய்க்கு வந்தது.

அப்புறம்தான் முறையாகச் செய்ய ஆரம்பித்தேன். உள்ளே இருக்கும் புழு, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். ஆகவே விழுந்த பழத்தை ஒருநாள்கூடக் கீழே விடுவதில்லை. பொறுக்கி, பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுவேன். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பழைய மெல்லிய துணியில் தைத்த பை. தைப்பதற்கு இரண்டு மாலை, கட்டுவதற்கு ஒரு காலை. மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பிறகு சோப்புக் கரைசல். மூன்றாம் வருடம் நாற்பது பழம் வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. பதியன் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். விதைக் கன்று என்றால் இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும், பழமும் தாய் மரம் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

"புல்லுக்குப் பராமரிப்பே வேண்டாம்" என்கிறார்களே, அது பாதி உண்மை. தண்ணீர் பெரிதாகக் கேட்காது, உரம் வேண்டாம், பூச்சி வராது. உரம் போட்டால்தான் கெடுதல், கொழுத்துச் சரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை அரையடி விட்டு ஒட்ட வெட்டினால் போதும். ஆனால் மூன்றாம் வருடம் தூரின் நடுப்பகுதி செத்து, ஓரத்தில் மட்டும் துளிர்த்து, வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டது. தோண்டி எடுத்துப் பிரித்து நட வேண்டும். மண்வெட்டி உள்ளே இறங்கவே இல்லை. கடைசியில் மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுத்துத்தான் நாலு துண்டாக்கினேன். முழுக்கைச் சட்டை போடாமல் போனதால் முழங்கை வரை சிராய்ப்பு, இலை விளிம்பு அவ்வளவு சொரசொரப்பு.

பெரிய தப்பு என்னுடையது. இரண்டையும் நாலடி இடைவெளியில் வைத்தேன். கன்றாக இருந்தபோது அது தாராளமாகத் தெரிந்தது. மூன்றாம் வருடம் மதியத்துக்கு மேல் கொய்யாவின் நிழல் முழுக்கப் புல்லின் மேல். நிழல் விழுந்தால் சிவப்பு மங்கிப் பச்சை கலந்துவிடும், தண்டு வலுவிழந்து வெளிச்சம் இருக்கும் பக்கமாகச் சாயும். சாய்ந்தது. பச்சைத் தூரைக் கதிர் வருவதற்கு முன்பே வேரோடு எடுத்து எறிந்தேன். பிரித்த சிவப்புத் துண்டுகளைப் பாதை ஓரமாக, வெயிலில், மூன்றடிக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். அங்கே அது அதன் வேலையைச் செய்கிறது.

ஆக, ஆறு மணி நேரம் வெயில் விழும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால், யோசிக்காமல் கொய்யா. வாரத்தில் ஒருமுறையாவது போய்ப் பார்க்க நேரம் இல்லாதவர்களுக்கு, பாதை ஓரம், சுவரோரம், பெரிய தொட்டி இவற்றுக்குச் சிவப்புப் புல். பச்சை ரகத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். உறைபனி விழும் ஊர் என்றால் இரண்டுமே தாங்காது. புல்லில் அலோபெக்யுராய்டஸ் என்ற வகை குளிரைத் தாங்கும், பழத்துக்கு ஆப்பிள், பேரி பக்கம் போங்கள்.

சத்துக் கணக்கு கேட்பவர்களுக்கு: 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 228 மில்லிகிராம், ஆரஞ்சில் சுமார் 53. எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த மரத்தின் பட்டைதான். பழைய பட்டை காகிதம் மாதிரி சுருண்டு உரியும், அடியில் வழவழவென்று பச்சையும் செம்பும் கலந்த நிறம். பழம் இல்லாத மாதங்களிலும் தொட்டுப் பார்க்க அது இருக்கிறது.

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும். நேற்று வெட்டினேன். வெட்டிப் போட்ட ஒரு கிளையில் பொத்தான் அளவில் இரண்டு பிஞ்சு இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். அந்தக் கிளையை எடுத்து வந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார், நான் பார்க்கும்படியாக.