7 வருடம், 11 பழைய ரேசர்கள், தினமும் கைக்கு வருவது என்னவோ ஒன்றுதான்

ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜை அழுத்தி அழுத்தி இழுத்துக் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பிய கடுப்பில்தான் என் முதல் பழைய ரேசரை வாங்கினேன். 1938-ல் அறிமுகமான ஜில்லெட் டெக், இரண்டு பக்கமும் கூரான ஒற்றைப் பிளேடைப் போட்டு மழிக்கும் ரகம். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டு. சேகரிக்கும் எண்ணமெல்லாம் சத்தியமாக அப்போது இல்லை. இப்போது இழுப்பறையில் 11 கிடக்கின்றன.

முதல் இரண்டு வாரம் உதட்டுக்குக் கீழே வெட்டு வாங்காத நாளே இல்லை. கார்ட்ரிட்ஜ் பழக்கத்தில் கை தானாக அழுத்துகிறது, அதுதான் வினை. பித்தளை ரேசரின் எடையே போதும், கைப்பிடியைக் கன்னத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடித்துச் சும்மா இறக்கினால் வேலை முடிந்தது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சாய்வு சரியாக இருந்தால் தாடை ஓரத்தில் சரசரவென்று முடி அறுபடும் சத்தம் வரும், சத்தம் நின்றால் ஒன்று முடி தீர்ந்துவிட்டது, இல்லை பிளேடு தோலைத் தொடவே இல்லை.

பிளேடு கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை வாங்கிய காலத்துப் பிளேடில் மூன்று துளைதான், நடுவில் நீளப் பிளவு வந்தது பிறகு. ஆனால் இன்றைய பிளேடு அந்தக் காலத்து ரேசரின் மூன்று முளையிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நூறு வயது ரேசர், நேற்று பிரித்த பிளேடு, ஒரு சண்டையும் இல்லை.

ஆசைப்பட்டு வாங்கியது ஜில்லெட்டின் ஸ்லிம் அட்ஜஸ்டபிள், கழுத்திலுள்ள எண் வளையத்தைத் திருகிப் பிளேடு எவ்வளவு கடுமையாக மழிக்கவேண்டும் என்று மாற்றிக்கொள்ளும் ரேசர். 1958-ல் வந்த, சேகரிப்பவர்கள் ஃபேட்பாய் என்று கூப்பிடும் தடிக் கழுத்துக்காரனின் தம்பி. தலைக்கு அடியில் H-3 என்று இருந்தது, 1962-ன் மூன்றாம் காலாண்டுத் தயாரிப்பு என்று அர்த்தம். எண் வளையம் துளிக்கூட அசையவில்லை, முன்பு வைத்திருந்தவரின் சோப்பு உள்ளே சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை விட்டு ஊறவைத்தேன், சாம்பல் நிறத்தில் அழுக்கு இறங்கியது, பழைய டூத்பிரஷால் தேய்த்தேன், மறுபடி ஊறவைத்தேன். மூன்றாம் நாள் 'டிக்' என்று ஒரு எண் நகர்ந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! (கைப்பிடிக் குமிழை அரைச்சுற்று தளர்த்திய பிறகுதான் எண்ணை மாற்றவேண்டும், இறுக்கி வைத்துத் திருகினால் உள்ளே தேயும்.) அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: 1 முதல் 9 வரை இருந்தும், நாலு வருடமாக அதை 5-ஐ விட்டு நான் நகர்த்தியதே இல்லை.

தங்க முலாம் பூசிய ஒன்றை நானேதான் கெடுத்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று எங்கோ படித்துவிட்டு அரைமணி நேரம் தேய்த்தேன், கைப்பிடி வரிகளின் முனையில் பித்தளை எட்டிப் பார்த்தது. போன முலாம் போனதுதான். சோப்பும் மெல்லிய பிரஷும் மட்டும் போதும், கொதிநீர் வேண்டவே வேண்டாம்.

சீப்புப் பல் வைத்த ரேசர் ஒன்றும் இருக்கிறது. நாலு நாள் தாடிக்கு அதுதான் சரி, நுரையும் முடியும் பல்லிடுக்கு வழியாகப் போய்விடுவதால் அடைப்பதில்லை. வாங்குமுன் பல் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாக விரியும் பட்டாம்பூச்சிக் கதவு ரேசர் என்றால் பிளேடைப் போட்டு மூடி, விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம் கைப்பிடி. 'புத்தம் புதிது மாதிரி' என்று படம் காட்டி ஒருவர் விற்ற மூன்று துண்டு ரேசர், வந்து சேர்ந்தபோது குழல் முழுக்க முடி இழை போல ஒரு விரிசல். திருகும்போதெல்லாம் வாய் பிளக்கிறது. அலமாரியில் நிற்க வைக்க மட்டும் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் காலையில் அரைத்தூக்கத்தில் கை போவது அந்த முதல் டெக் பக்கம்தான். உள்ளே கெட்டுப்போக ஒரு பாகம் இல்லை, மூன்றாகப் பிரித்துக் கழுவி, துடைத்து வைத்தால் சரி. அதற்காக வாங்குவதை நிறுத்திவிட்டேனா? போன வாரம்தான் 12-வதுக்குப் பேசினேன். கைப்பிடியை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வந்தபாடில்லை.